முடியாமல் நிற்கும் வாக்கியங்கள்

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் நர்ஸ் வேலையில் சேர்ந்து இரண்டாவது வாரம். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்த பெரியவர் ஒருவர் ஜன்னலோரப் படுக்கையில் இருந்தார். வயது 80-ஐத் தாண்டியிருந்தது. காலையில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், ‘எனி பெயின்?’ என்று கேட்டேன். ‘மஸ்ட்ன்ட் கிரம்பிள், லவ்’ என்றார். சிரித்த முகமாகத்தான் சொன்னார். லவ் என்பது இந்தப் பக்கம் யாரையும் அன்பாக அழைக்கும் சொல். கிரம்பிள் என்றால் முணுமுணுப்பது, குறைப்பட்டுக்கொள்வது என்று எனக்குத் தெரியும். குறைப்பட ஒன்றுமில்லை என்கிறார் போல என்று நினைத்து, சார்ட்டில் வலிக்கு நேரே 0 போட்டேன். தேவைப்பட்டால் கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதி வைத்திருந்த வலி மருந்தை எடுக்கவே இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து பிசியோதெரபிஸ்ட் வந்து அவரை எழுப்பி உட்கார வைத்தார். பெரியவர் பல்லைக் கடித்து ‘ஸ்ஸ்’ என்று மூச்சை இழுத்தார். பிறகு, ‘ஊ... ஊ...’ என்று தாழ்ந்த குரலில் ஒரு சத்தம். பக்கத்தில் நின்ற சீனியர் நர்ஸ் குனிந்து, பத்துக்கு எத்தனை என்று கேட்டார். ‘செவன், லவ். மே பீ எய்ட்.’

அந்த சீனியர் என்னைத் திட்டவில்லை. வெளியே வந்ததும், ‘அவர் வலி இல்லை என்று சொல்லவே இல்லையே’ என்று மட்டும் சொன்னார். அன்று இரவு அறையில் உட்கார்ந்து அந்த இரண்டு சொல்லைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முன்னால் இருக்கவேண்டிய ‘ஐ’ அதில் இல்லை. அதைப் போட்டுப் பார்த்தால் ‘நான் குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது’ என்று வருகிறது. கூடாது என்று ஒருவர் சொன்னால், குறைப்பட ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்! அவர் வலியை மறைக்கவில்லை, அவருக்குப் பழக்கமான முறையில் சொல்லிவிட்டார். எனக்குத்தான் காதில் விழவில்லை.

நாகர்கோவில் பக்கம் பள்ளியில் படித்தபோது ஆங்கில இலக்கணம் எனக்குப் பிடித்த பாடம். எட்டு வகைச் சொற்களில் இன்டர்ஜெக்ஷன் என்ற உணர்ச்சிச் சொல் கடைசியாக வரும், அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ‘ஹுர்ரே! ஜெயித்துவிட்டோம்’, ‘அலாஸ்! அவர் இறந்துவிட்டார்’ என்று இரண்டு எடுத்துக்காட்டு. பரீட்சையில் ஒரு மார்க். எழுவாய், பயனிலை இல்லாத வாக்கியம் எழுதினால் சிவப்பு மையில் சுழி. அதோடு அந்தப் பாடம் சரி. இங்கே எத்தனையோ இறப்புகளுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன், ஒருவர் வாயிலும் ‘அலாஸ்’ கேட்டதில்லை. ‘ஓ, லவ்’ என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இந்த வகைச்சொல் கடைசியில் ஒட்டிக்கொண்டு நிற்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. கிரேக்க இலக்கணத்தில் சொல் வகை எட்டு. உணர்ச்சிச் சத்தங்களை அவர்கள் வினையடையோடு சேர்த்து வைத்திருந்தார்கள். லத்தீனில் ‘த’ போன்ற ஆர்ட்டிகிள் கிடையாது, அதனால் ஒரு வகை குறைந்தது. எட்டு என்ற கணக்கு கெடாமல் இருக்க, லத்தீன்காரர்கள் உணர்ச்சிச் சொற்களைப் பிரித்துத் தனி வகையாக்கினார்கள். இன்டர்ஜெக்ஷன் என்ற சொல்லுக்கே நடுவில் எறிந்தது என்றுதான் பொருள். ஆங்கில இலக்கணம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. கணக்குக்காக உள்ளே வந்த ஒன்றுக்கு அரைப் பக்கம் கிடைத்ததே பெரிது. ஆனால் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் நின்றால், மற்ற ஏழு வகைக்கும் இல்லாத வேலை இதற்கு இருப்பது தெரியும்.

என்னுடைய சொந்த இன்டர்ஜெக்ஷனையே மாற்ற வேண்டியிருந்தது. காலில் ஆறாத புண் இருந்த ஒரு பாட்டிக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். தட்டிலிருந்து ஃபோர்செப்ஸ் வழுக்கித் தரையில் விழுந்தது. ‘அய்யோ’ என்றேன். அவருக்குத் தன் கால் தெரியாது, என் முகமும் தெரியாது, சத்தம் மட்டும்தான். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ‘வாட்? வாட் இஸ் இட்?’ என்றார். உள்ளங்கை வேர்த்துவிட்டது. அந்தச் சொல் அவருக்குப் புரிந்திருக்காது. அதன் ராகம் புரிந்துவிட்டது.

நமக்கு ‘அய்யோ’ ஒன்றே போதும். ஃபோர்செப்ஸ் விழுந்தாலும் அதுதான், சாவுச் செய்தி வந்தாலும் அதுதான், குழந்தை அழகாகச் சிரித்தாலும் அதுதான். ஆங்கிலத்தில் அதைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தன் கையால் சின்னத் தப்பு, பெரிய சேதமில்லை என்றால் ‘ஊப்ஸ்’. ஏதோ கெட்டது வரப்போகிறது அல்லது இப்போதுதான் கண்ணில் பட்டது என்றால் ‘அ-ஓ’. நடந்தே முடிந்துவிட்டது என்றால் ‘ஓ நோ’. மற்றவருக்கு நேர்ந்ததைக் கேட்டு இரக்கப்பட்டால் ‘ஓ டியர்’. ‘ஆவ்’ என்பது வலி வந்த நொடியில் தானாக வாயிலிருந்து வருவது. ‘அவ்ச்’ சொல்வதற்கு வலி தனக்கே இருக்க வேண்டியதில்லை, அடுத்தவர் கையில் கன்றிப்போன இடத்தைப் பார்த்தும் சொல்லலாம். ‘ஊ’ என்பதற்கு ராகம்தான் எல்லாம். மேலே ஏறினால் கேக்கைப் பார்த்த சந்தோஷம், தாழ்ந்து இழுத்தால் அந்தப் பெரியவரின் இடுப்பு.

இவற்றில் நோயாளிக்குப் பின்னாலிருந்தோ, அவர் பார்க்க முடியாத இடத்திலிருந்தோ சொல்லவே கூடாதவை மூன்று: ‘ஊப்ஸ்’, ‘அ-ஓ’, நம்முடைய ‘அய்யோ’. தானாக வருவதை எப்படி அடக்குவது என்று கேட்பீர்கள். அடக்க முடியாது, வேறொன்றைப் பழக்கிக்கொள்ள வேண்டும். நான் ‘ரைட்’ என்பதைப் பழக்கினேன். இங்கே வேலை தொடங்கும்போது ‘ரைட் தென்’, ஒவ்வொரு படி முடியும்போது ‘தேர் வி கோ’ என்று சொல்வார்கள். இப்போது எது விழுந்தாலும் ‘ரைட், பேர் வித் மீ, புதுசு ஒன்று எடுத்துவருகிறேன்’ என்கிறேன். ஆறு மாதம் ஆனது, ஆனால் வந்துவிட்டது.

போனில் இன்னொரு பாடம். பெரியவர்கள் பேசும்போது வாய் திறக்காமல் கேட்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவள் நான். ஒரு நோயாளியின் மகள் போனில் விவரம் சொல்லச் சொல்ல, நான் அமைதியாக எழுதிக்கொண்டிருந்தேன். ‘ஹலோ? ஆர் யூ தேர்?’ என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். இடையிடையே ‘ம்ஹ்ம்’, ‘ரைட்’, ‘ஐ ஸீ’ போடாவிட்டால் இணைப்பு போய்விட்டது என்றே நினைக்கிறார்கள். சரி, அதைக் கற்றுக்கொண்டேன். அப்புறம் அதிலேயே தவறினேன். வேறொரு மகள், ‘அப்பாவுக்குப் பெனிசிலின் ஒத்துக்காது’ என்றார். நான் மரியாதைக்கு, ‘ஓ’ என்றேன். அந்தப் பக்கம் குரல் மாறிவிட்டது: ‘அது உங்களிடம் இல்லையா?’ நோயாளியின் மணிக்கட்டில் சிவப்புப் பட்டையே கட்டியிருந்தது, சார்ட்டின் முதல் வரியிலும் இருந்தது. ஆனால் ‘ஓ’ என்றால் இது எனக்குப் புதிய செய்தி என்று அர்த்தம். ஜான் ஹெரிட்டேஜ் என்ற சமூகவியலாளர் 1984-இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்: தெரியாமல் இருந்தது இப்போது தெரிந்துவிட்டது என்று காட்டும் சொல் ‘ஓ’ என்று. அந்த மகளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது, ‘யெஸ், வீ ஹேவ் தட்’. தெரிந்த விஷயத்துக்கு ‘யெஸ்’, தெரியாத விஷயத்துக்கு ‘ஓ’. இதை எந்த வகுப்பிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

காதில் சரியாக விழாதபோது வரும் ‘ஹ?’ என்ற சத்தம் பற்றியும் ஓர் ஆராய்ச்சி உண்டு. நெதர்லாந்தில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2013-இல் வெளியிட்டார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மொழிகளிலும் இந்தச் சத்தம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது என்று காட்டினார்கள். நம்முடைய ‘ஆங்?’ பக்கத்தில் வைத்தால் அதிசயமாக இருக்காது. வார்டில் மட்டும் அதை விட்டுவிட்டு, ‘ஸாரி?’ என்று குரலை ஏற்றிக் கேளுங்கள். குரலைத் தாழ்த்தி ‘ஸாரி’ என்றால் மன்னிப்பு ஆகிவிடும்.

இனி முழுமையில்லாத வாக்கியங்கள். எனக்கு அதிக நாள் பிடித்தது இதில்தான்.

‘ஸ்லெப்ட் வெல்?’ ‘ஃபீலிங் பெட்டர்?’ ‘வான்ட் எ ப்ரூ?’ என்று இங்கே நாள் முழுக்கக் கேட்கும். ப்ரூ என்றால் இந்தப் பக்கம் டீ. எல்லாமே முன்னால் வெட்டுப்பட்ட வாக்கியங்கள். நானும், நீயும், அவற்றோடு வரும் துணைவினையும் வாக்கியத்தின் வாசலில் நிற்கும்வரைக்கும் விடலாம். நடுவில் விட முடியாது. ‘ஷி ஸெட் இஸ் கமிங்’ என்றால் யார் வருகிறார் என்று தெரியாமல் முழிப்பார்கள். தமிழில் ‘தூங்கினேன்’ என்றால் ‘ஏன்’ விகுதியே நான் என்று சொல்லிவிடுகிறது, எழுவாயை எங்கே வேண்டுமானாலும் விடலாம். ஆங்கில வினைக்கு அந்த வால் இல்லை.

பதில் சொல்லும்போது திசையே மாறுகிறது. ‘மாத்திரை கொடுத்தாச்சா?’ என்றால் நாம் முக்கிய வினையைப் பிடித்துக்கொண்டு ‘கொடுத்துட்டேன்’ என்போம். ஆங்கிலத்தில் முக்கிய வினையை விட்டுவிட்டுத் துணைவினையை வைத்துக்கொள்கிறார்கள். ‘ஹேவ் யூ கிவன் இட்?’ என்றால் ‘ஐ ஹேவ்’. நான் முதல் மாதம் முழுக்க ‘கேவ், கேவ்’ என்று சொல்லித் திரிந்தேன். கேட்டவர்கள் புரிந்துகொண்டார்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் அரை நொடி தாமதித்துப் புரிந்துகொண்டார்கள்.

இதைவிட ஆபத்தானது எதிர்மறைக் கேள்வி. ‘நீங்க இன்னும் சாப்பிடலையா?’ என்றால், சாப்பிடாதவர் தமிழில் ‘ஆமா’ என்பார். ஆங்கிலத்தில் ‘நோ’ என்பார். ஆபரேஷனுக்குப் போகும் நோயாளியிடம் ‘யூ ஹேவ்ன்ட் ஈட்டன்?’ என்று கேட்டு ஒற்றைச் சொல் பதிலை வாங்கி வைத்தால், யார் என்ன மொழியில் யோசித்தார் என்று எப்படித் தெரியும்? அதனால் நான் இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன். கேட்கும்போது எதிர்மறையே வேண்டாம், ‘கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?’ என்று கேட்பேன். பதில் சொல்லும்போது வாலோடு சொல்வேன்: ‘நோ, ஐ ஹேவ்ன்ட்.’ வால் இருந்தால் தலையில் சந்தேகம் வராது.

ஒருநாள் வார்டு சிஸ்டர் என்னிடம், ‘இஃப் யூட் லைக் டு டேக் பெட் ஃபோர்...’ என்றார். நான் காத்திருந்தேன். ‘இஃப்’ என்று தொடங்கினால் பின்னால் ஒரு முக்கிய வாக்கியம் வரவேண்டும் என்றுதானே படித்தது. வரவில்லை. விருப்பம் கேட்கிறார் என்று நினைத்து, ‘பரவாயில்லை சிஸ்டர், நான் இங்கேயே இருக்கிறேன்’ என்று பணிவாகச் சொன்னேன். அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அது உத்தரவு. நான்காம் படுக்கைக்குப் போ என்பதை மரியாதையாகச் சொன்ன விதம் அது. அதற்குப் பிறகு காது கொடுத்துக் கேட்டால் எங்கும் இதுதான்: ‘இஃப் யூ குட் ஜஸ்ட் ரோல் ஓவர் ஃபார் மீ’, ‘இஃப் யூ குட் பாப் யுவர் ஆர்ம் அவுட்’. எல்லாம் அங்கேயே முடிந்துவிடும்.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், இதை நான் பிறந்ததிலிருந்து செய்துகொண்டிருக்கிறேன். பஸ்ஸில் ‘அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காந்தீங்கன்னா...’ என்று இழுத்தால், தள்ளி உட்காராமல் ‘உட்கார்ந்தா என்ன?’ என்று யாராவது கேட்பார்களா? நம் இலக்கணமும் இதை விட்டுவிடவில்லை. தொல்காப்பியர் எச்சவியலில் எச்சத்தைப் பத்து வகையாகச் சொல்கிறார். வினையெச்சம், பெயரெச்சத்தோடு சொல்லெச்சம், குறிப்பெச்சம், இசையெச்சம் என்றெல்லாம் வருகிறது. நின்றுபோனதைப் பிழை என்று தள்ளாமல், எஞ்சி நிற்பது எது என்று பார்க்கும் கண் அது. ஆங்கிலத்தை அந்தக் கண்ணோடு பார்த்திருந்தால் நான்காம் படுக்கைக்கு உடனே போயிருப்பேன்.

சரி, எழுத்துக்கு வருகிறேன். வெளிநாடு போக நினைக்கும் நர்ஸ்கள் பலர், மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.ஈ.டி. எழுதுகிறார்கள். அதன் எழுத்துப் பகுதிக்கு 45 நிமிடம். நோயாளியைப் பற்றிய குறிப்புகள் கொடுப்பார்கள், எல்லாம் துண்டுகள்: ‘தனியாக வசிக்கிறார். மனைவி 2 வருடம் முன் மறைவு. ஒரு நாளுக்கு 10 சிகரெட். நடைக்கோல் பயன்படுத்தத் தயக்கம்.’ இதைப் படித்து 180 முதல் 200 சொல்லுக்குள் கடிதம் எழுத வேண்டும். துண்டைத் துண்டாகவே வைத்தால் மதிப்பெண் போகும். முதல் தடவை எனக்கு எழுத்தில் மட்டும் தேவையான தரம் வரவில்லை. மார்த்தாண்டத்தில் பயிற்சி கொடுத்த ஆசிரியை என் கடிதத்தில் ஏழு இடத்தில் ‘பிகாஸ்’ என்ற சொல்லை வட்டமிட்டிருந்தார். ‘அவர் தனியாக வசிக்கிறார்.’ புள்ளி. ‘பிகாஸ் அவர் மனைவி இறந்துவிட்டார்.’ புள்ளி.

ஏன் ஏழு தடவை? தமிழில் முற்றுப்புள்ளி வைத்து, ‘ஏனென்றால்’ என்று புது வாக்கியம் தொடங்குவது முழுக்கச் சரி. அந்தச் சொல் தன் காலில் நிற்கும். ‘பிகாஸ்’ நிற்காது, முன்வாக்கியத்தின் தோளைப் பிடித்தே நடக்கும். ‘உதாரணமாக’, ‘குறிப்பாக’ என்று தொடங்கி நாம் எழுதும் வரிகளிலும் இதே வழுக்கல்தான். ‘எஸ்பெஷலி அட் நைட்’ என்று எழுதிப் புள்ளி வைத்துவிடுவோம்.

இதற்கு அந்த ஆசிரியை சொல்லிக் கொடுத்த இரண்டு சோதனையை இன்றும் புதியவர்களுக்குச் சொல்கிறேன். எழுதி முடித்த கடிதத்தைக் கடைசி வாக்கியத்திலிருந்து மேலே மேலே படியுங்கள். முன்வாக்கியத்தின் துணை இல்லாமல் ஒவ்வொன்றும் தனியே வரும், நிற்க முடியாதது உடனே சாயும். இரண்டாவது, சந்தேகமான வரிக்கு முன்னால் ‘ஐ நோ தட்’ போட்டுப் பாருங்கள். ‘ஐ நோ தட் ஹி லிவ்ஸ் அலோன்’ நிற்கிறது. ‘ஐ நோ தட் பிகாஸ் ஹிஸ் வைஃப் டைட்’ தொங்குகிறது. தொங்கினால் முன்வரியோடு சேர்த்துவிடுங்கள்.

இப்படிக் கஷ்டப்பட்டு முழு வாக்கியம் பழகி இங்கே வந்தால், வார்டு குறிப்பில் மறுபடியும் துண்டுகள்தான் வேண்டும் என்கிறார்கள். ‘ஸ்லெப்ட் வெல். ஏட் ஹாஃப் பிரேக்ஃபாஸ்ட். நில் பை மவுத் ஃப்ரம் மிட்நைட்.’ நில் பை மவுத் என்றால் வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. எழுவாய் எப்போதும் நோயாளிதான் என்பதால் அதை எழுதவேண்டியதில்லை. ஆனால் இந்தத் துண்டுகளில் சின்னச் சொல்லுக்குத்தான் கனம். ‘டு கோ ஹோம்’ என்றால் இனிமேல் போகவேண்டியவர், ‘கான் ஹோம்’ என்றால் போய்விட்டவர். ‘ஃபார் எக்ஸ்ரே’ என்றால் இனி எடுக்கவேண்டும். ‘நாட் ஃபார்’ என்று தொடங்கினால், அதைச் செய்யக்கூடாது என்று முடிவெடுத்துவிட்டார்கள். எழுவாயை விடலாம், ‘இஸ்’, ‘த’ எல்லாவற்றையும் விடலாம். ‘நாட்’, ‘டு’, ‘ஃபார்’ மூன்றையும், வினையின் கடைசி எழுத்தையும் ஒருபோதும் விடக்கூடாது. புதியவர்கள் அவசரத்தில் முதலில் விடுவது இவற்றைத்தான்.

துண்டு வாக்கியத்தின் முழு பலத்தை ஓர் இரவில் பார்த்தேன். ஒருவருக்கு இதயத்துடிப்பு நின்றுவிட்டது. இங்கே ஆஸ்பத்திரிக்குள் அதற்கு 2222 என்ற எண்ணை அழைக்க வேண்டும். போனை எடுத்தேன், ‘ஹலோ, குட் ஈவ்னிங், ஐ ஆம் காலிங் ஃப்ரம்...’ என்று தொடங்கினேன். பதற்றத்தில் கற்ற பாடம் முழுக்க முழு வாக்கியமாகவே வந்தது. அந்தப் பக்கம் ஒரே சொல்: ‘வேர்?’ அப்போதுதான் உறைத்தது. ‘அடல்ட் கார்டியாக் அரெஸ்ட், வார்ட் ட்வெல்வ்.’ இதில் வினையே கிடையாது, தேவையும் இல்லை. பாம்பைப் பார்த்தவர் ‘பாம்பு பாம்பு’ என்றுதானே கத்துவார்? அதற்கு நாம் அடுக்குத்தொடர் என்று பெயர் வைத்துப் பள்ளியில் படித்திருக்கிறோம்.

குழு வந்ததும் ஒரு சொல் மூன்று விதமாக ஒலித்தது. டாக்டர், ‘அட்ரினலின், ப்ளீஸ்’ என்றார். ஊசியை எடுத்தவர் சரிபார்க்க, ‘அட்ரினலின், ஒன் மில்லிகிராம்?’ என்று உயர்த்திக் கேட்டார். போட்டு முடித்ததும், ‘அட்ரினலின் கிவன்’ என்றார். நேரம் குறித்தவர் அதைக் கேட்ட பிறகே எழுதினார். அந்த ‘கிவன்’ இல்லாமல் வெறும் அட்ரினலின் என்று மட்டும் சொல்லியிருந்தால், கேட்பது யார், கொடுத்தது யார் என்று தெரியாமல் போயிருக்கும். மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொடுக்கவேண்டிய மருந்து அது. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் தப்பு.

போன மாதம் மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் புதிதாக வந்திருக்கிறாள். இரவு மூன்று மணிக்கு வந்து, ‘அக்கா, பத்தாம் பெட் தாத்தாகிட்ட வலி கேட்டேன். கான்ட் கம்ப்ளெய்ன் அப்படின்றார். 0 போட்டுடவா?’ என்றாள். பேனாவைக் கீழே வைத்தேன். ‘அவரை ஒரு பக்கமா திரும்பிப் படுக்கச் சொல்லு. வாய் என்ன சொல்லுதுன்னு கேட்காத, சத்தம் என்ன வருதுன்னு கேளு’ என்றேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள், மருந்து அலமாரியின் சாவி கேட்டு.